பன்னிரண்டாவது சம்மனசு

துஷானி: ...இல்லையண்ணா, போனை வைக்காதை. வச்சியெண்டா நான் செத்தன்.

ஜெனிஸ்ரன்: துஷா, நேரம் பதினொண்டரை. காலமை எனக்கு லெக்சர். அதோட இந்தப் பல்லு...

துஷானி: தெரியும். மத்தியானம் சோத்தில கல்லுக் கடிச்சுப் பல்லு உடைஞ்சது. பெரியம்மா போன் போட்டு எங்கட மாசி ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டா.

ஜெனிஸ்ரன்: ஊர் முழுக்கவா?

துஷானி: பக்கத்து ஊர் வெஸ்ட்கேட்டிலயும். பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்காரரோட சண்டையாம். காசைத் திருப்பி வாங்கிப்போட்டுத்தான் வந்தவவாம்.

ஜெனிஸ்ரன்: ...அந்தக் கதையை விடு. விசயத்துக்கு வா. தமிழிலயே சொல்லு. பக்கத்து அறையில இவோன் படுக்கிறாள். இங்கிலீஷ் கேட்டா எழும்பி வந்திடுவாள் என்ர தங்கச்சி.

துஷானி: இண்டைக்குப் பூசை முடிய மறைக்கல்விப் பிள்ளையளுக்குக் கப்கேக் குடுத்தனான் எல்லே. பன்னிரண்டு. ஒவ்வொண்டுக்கும் மேல ஒரு சம்மனசு, குட்டித் தேவதூதர்.

ஜெனிஸ்ரன்: ம்... இவோன் கொண்டுவந்தவள்.

துஷானி: அதின்ர முதுகில செட்டை, அந்த ரெண்டு இறக்கை ஞாபகம் இருக்கா? வெள்ளையா, சின்னனா...

ஜெனிஸ்ரன்: சீனியில செய்தது தானே?

துஷானி: ...இல்லை.

ஜெனிஸ்ரன்: இல்லையா?

துஷானி: அப்பா அந்தாட்டிக் கடலில இருந்து கொண்டுவந்தது.

ஜெனிஸ்ரன்: சித்தப்பா கொண்டுவந்ததா? என்ன, ஐஸா?

துஷானி: ஐஸ் எண்டா உருகியிருக்குமே, லூசு. மீன்ர காதுக்கல்லு.

ஜெனிஸ்ரன்: என்ன கல்லு?

துஷானி: மீன்ர தலைக்குள்ள, காதுக்குள்ள இருக்கிறது. ஒரு மீனுக்கு ரெண்டு.

ஜெனிஸ்ரன்: ...காதுக்குள்ள.

துஷானி: ஓம்.

ஜெனிஸ்ரன்: கழுவினதா?

துஷானி: உனக்கேன் அது?

ஜெனிஸ்ரன்: சும்மா கேட்டன். பிள்ளையள் வாயில கீயில வச்சா...

துஷானி: அப்பா கப்பலிலயே கழுவித் துடைச்சவர். பிரச்சினை அதில்லை அண்ணா. அப்பா அங்க மீன் பிடிக்கப் போறேல்லை...

ஜெனிஸ்ரன்: என்ர அம்மாவுக்குச் சொல்லாதை. பெரிய மீன் வரும் எண்டு பிறீசரில இடம் விட்டு வச்சிருக்கிறா.

துஷானி: கேளன். அவர் ஒப்சேவர். பிடிக்கிறவையைக் கண்காணிக்கிற ஆள். இந்தக் கல்லை வெட்டிப் பாத்தா மரத்தில மாதிரி வளையம் இருக்கும். எண்ணினா மீன்ர வயசு தெரியும். எல்லாம் குஞ்சா வருதெண்டா பிடிக்கிறதைக் குறைக்கோணும்.

ஜெனிஸ்ரன்: எவ்வளவு குறைக்கிறது?

துஷானி: ஒருத்தரும் பிடிக்காத காலத்தில இருந்த தாய் மீனில பாதியெண்டாலும் எப்பவும் கடலில மிஞ்சோணுமாம். அதைத் தின்னிற சீலுக்கு, திமிங்கிலத்துக்கு எல்லாம்.

ஜெனிஸ்ரன்: சீலுக்குப் பங்கு. இஞ்ச எனக்கு ஒரு துண்டு மிச்சம் வைக்க ஆளில்லை.

துஷானி: பகிடி விடாதை. அப்பா சொன்னவர், கூடப் பிடிச்சா சீல் பட்டினி, பிடிக்காட்டி கப்பல்காரர் பட்டினி, நடுவில நிண்டு கணக்குக் குடுக்கிறது நான் தான் எண்டு. அந்தக் கணக்கை நான் கப்கேக்கில ஒட்டிப்போட்டன்.

ஜெனிஸ்ரன்: உனக்குப் பதினஞ்சு வயசு. மீன்ர காது எது, மணி எது எண்டு தெரியாது.

துஷானி: ஐஸ்கிறீம் டப்பாவுக்குள்ள வச்சிருந்தவர், அண்ணா. எங்கட வீட்டில ஐஸ்கிறீம் டப்பாவுக்குள்ள எப்பவாவது ஐஸ்கிறீம் இருந்திருக்கா? ஒண்டில மிளகாய்த்தூள், ஒண்டில ஊசி நூல், ஒண்டில நான் மாலை கோக்கிற மணியள். நான் மணி டப்பா எண்டுதான் திறந்தனான். பாத்தா சோடி சோடியா வெள்ளைச் செட்டை. மாதா தந்தது எண்டு நினைச்சன்.

ஜெனிஸ்ரன்: மாதா தரேல்லை. சித்தப்பா மூண்டு மாசம் ஐஸுக்க நிண்டு...

துஷானி: சொல்லாதை, அழுகை வருது. வெள்ளிக்கிழமை வந்து விழுந்து படுத்தவர், இண்டைக்குப் பின்னேரம் தான் ஒழுங்கா எழும்பினவர். தேத்தண்ணி குடிச்சபடி சொல்லுறார், மற்றதெல்லாம் பெட்டியில முதலே போயிட்டுதாம், கடைசி நாள் பிடிச்ச பன்னிரண்டு மீன்ர கல்லை மட்டும் கையோட கொண்டுவந்தவராம். நாளைக்குக் காலமை ஆய்வுக்கூடத்தில குடுக்கோணுமாம்.

ஜெனிஸ்ரன்: நீ என்ன சொன்னனீ?

துஷானி: பிஸ்கட் வேணுமா எண்டு கேட்டனான்.

ஜெனிஸ்ரன்: கெட்டிக்காரி. சரி, எந்தக் கல்லு எந்த மீன்ர எண்டு நம்பர் இருக்கோணுமே?

துஷானி: அது மட்டும் தப்பினது. கல்லு இருந்த சின்னப் பேப்பர் உறையைத்தான் சம்மனசுக்குச் சட்டையா மடிச்சனான். நம்பர் உள்ளுக்க இருக்கு. அம்மா ஒரு பேப்பர் எறிய விடுறவவே?

ஜெனிஸ்ரன்: சித்தியின்ர கஞ்சத்தனத்துக்கு ஸ்தோத்திரம்.

துஷானி: பின்னேரமே சைக்கிளில ஓடிப் பதினொண்டு வாங்கிப்போட்டன்.

ஜெனிஸ்ரன்: என்னெண்டு சொல்லிக் கேட்டனீ?

துஷானி: வடிவான சம்மனசுக்குப் பரிசு இருக்கு, ஃபாதர் பாத்துச் சொல்லுவார் எண்டு.

ஜெனிஸ்ரன்: ஃபாதரையும் இழுத்தாச்சு.

துஷானி: றொய்ஸ்டன் தரமாட்டன் எண்டு நிலத்தில உருண்டவன். என்ர ஸ்கூட்டரைக் குடுத்துத்தான் வாங்கினனான். இனி மிச்சம் இவோன்ர ஒண்டு. அதுக்குத்தான் உனக்குப் பதினாறு மெசேஜ்.

ஜெனிஸ்ரன்: நான் பாக்கேல்லை.

துஷானி: பாத்தது எண்டு காட்டுது, அண்ணா.

ஜெனிஸ்ரன்: பல்லு நோகுது.

துஷானி: பல்லாலயே மெசேஜ் அடிக்கிறனீ? போய்ப் பார். பிரிட்ஜுக்கு மேல வச்சிருக்கு எண்டு பெரியம்மா சொன்னவ.

ஜெனிஸ்ரன்: ...இருக்கு.

துஷானி: எழும்பாமலே பாத்திட்டியா?

ஜெனிஸ்ரன்: நான் குசினிக்கதான் நிக்கிறன். உப்புத்தண்ணி கொப்பளிக்க வந்தனான்.

துஷானி: சட்டைக்குள்ள பார். என்ன நம்பர்?

ஜெனிஸ்ரன்: பன்னிரண்டு.

துஷானி: அம்மாடி... அதுதான் அப்பான்ர பெரிய மீன். நீளம் என்ர உயரம். உன்னை விட வயசு கூட இருக்குமாம். ரெண்டு செட்டையும் இருக்கா?

ஜெனிஸ்ரன்: ஒண்டு இருக்கு. ஒண்டு போதாதே?

துஷானி: வயசு பாக்க ஒண்டு போதும், மற்றது ஸ்பெயர். ஆனா குறைஞ்சா தாளில எழுதோணும். 'இல்லாமல் போன காரணம்' எண்டு ஒரு கட்டம் இருக்கு. அப்பா அதில பொய் எழுத மாட்டார்.

ஜெனிஸ்ரன்: அப்ப சித்தப்பாவுக்குச் சொல்லப் போறியா?

துஷானி: சொல்லத்தானே வேணும். காலமை அவர் எழும்ப முன்னம் பன்னிரண்டையும் மேசையில அடுக்கி வச்சிட்டு, நானே அந்தக் கட்டத்தை நிரப்பிப்போட்டு நிப்பன். கத்தினாக் கத்தட்டும். நீ இவோனை எழுப்பிக் கேள். விழுங்கிப்போட்டாளோ தெரியாது.

ஜெனிஸ்ரன்: அவளை எழுப்ப மாட்டன். பாவம், பின்னேரம் முழுக்க அழுதவள்.

துஷானி: ஏன்?

ஜெனிஸ்ரன்: கேக்கைக் காணேல்லை, சம்மனசு மட்டும்தான் மிச்சம் எண்டு.

துஷானி: ...அப்ப நான் கட்டத்தில என்னத்தை எழுதுறது?

ஜெனிஸ்ரன்: எழுது... ஒப்சேவரின்ர பெறாமகன் ஜெனிஸ்ரன் செட்டையைச் சீனி எண்டு நினைச்சுக் கடிச்சுப் பல்லை உடைச்சுப்போட்டான் எண்டு. அம்மான்ர சோத்தில கல்லே இருக்கேல்லை, துஷா.