கோல் ஏதும் வந்ததா, அக்கா?

என் கைபேசி எப்போதும் முழுச் சார்ஜில் இருக்கும். சமையலறையில் ஒரு சார்ஜர், காரில் ஒன்று, கைப்பையில் ஒன்று. கோயிலில் பூசை நடக்கும்போதுகூட நான் அதை அணைத்தது கிடையாது. ஐயர் ஒருமுறை முறைத்துப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வாக்குமூலத்தை பிரெஞ்சிலேயே எழுதித் தர என்னால் முடியும். முப்பத்தைந்து வருடமாக மொன்றியலில் இருக்கிறேன். புவாண்ட்-கிளேரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் பிரெஞ்சில் கடிதம் எழுதித்தான் சம்பளம் வாங்கினேன். ஆனாலும் தமிழில் எழுதுகிறேன். பதினாலு வருடம் ஊருக்கெல்லாம் நான் மொழிபெயர்த்தாயிற்று. இந்த ஒரு தடவை வேறு யாராவது சிரமப்படட்டும்.

கைபேசி விஷயத்தில் நான் ஏன் இப்படி என்று கேட்டீர்கள். என் கணவர் கணேசலிங்கத்துக்கு ஒரு சிறுநீரகம் வந்தபோது நான் அழைப்பை எடுக்கவில்லை. தேர்த் திருவிழா. கைப்பைக்குள் கைபேசி அதிர்ந்தது. எண் தெரியாத அழைப்பு. கடனட்டை விற்கிறவர்களின் தொல்லை என்று நினைத்து மூன்று தரம் வெட்டிவிட்டேன். நம்முடைய ஆட்கள் எல்லோரும் அப்படித்தான்; தெரியாத எண் என்றால் எடுக்க மாட்டார்கள், தப்பித்தவறி எடுத்தாலும் பிரெஞ்சைக் கேட்டதும் வைத்துவிடுவார்கள். வைத்தியசாலை காத்துக்கொண்டிருக்காது. அந்தச் சிறுநீரகம் பட்டியலில் அடுத்திருந்தவருக்குப் போனது. கணேசலிங்கம் அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார். அவர் என்னை ஒரு சொல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகுதான் நோயாளர் சங்கத்தைத் தொடங்கினேன். முதலில் செய்த வேலை, டயாலிசிஸ் செய்துகொள்ளும் தமிழர் எல்லோருக்கும் தொடர்பு எண்ணாக என் எண்ணை வைத்தியசாலையில் பதிய வைத்தது. சிறுநீரகம் வந்தால் தாதி முதலில் என்னை அழைப்பார். நான் ஆளைப் பிடித்து, விஷயத்தைச் சொல்லி, காரில் ஏற்றிக்கொண்டு போய் விடுவேன். இப்படி ஒன்பது பேரைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். ஒன்பது பேரும் உயிரோடு இருக்கிறார்கள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வேலை, ஒரு கைநூல் போட்டது. அதில் தடித்த எழுத்தில் ஒரு விதி இருக்கிறது: பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்ப்பிக்காதீர்கள். பதினொரு வயதுப் பெண்பிள்ளை ஒன்று தன் தகப்பனிடம் ‘உங்கட கிட்னி முடிஞ்சுதாம்’ என்று சொல்லிவிட்டு அந்த அறையிலேயே சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கே முடிவு செய்தேன். வைத்தியசாலைக் கடிதங்கள் பிள்ளைகள் கண்ணில் படக்கூடாது. நேரே என்னிடம் வரவேண்டும். நல்ல விதி. இப்போதும் அதை நல்ல விதி என்றுதான் சொல்வேன்.

ஒரு சங்கத்தை நடத்துகிறவர்கள் வெளியில் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. குணமானவர்கள் திரும்பி வரமாட்டார்கள். அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான லோஜினிக்கு நான்தான் கார் ஓட்டினேன். மாற்றுச் சிகிச்சை முடிந்து மூன்றாம் மாதம் ஒரு பெட்டி லட்டுடன் வந்தாள். அடுத்த முறை கடைத்தொகுதியில் என்னைக் கண்டதும் செருப்புக் கடைக்குள் நுழைந்துவிட்டாள். மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்களாம்; நோய்க்காரருடன் பழக்கம் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் யோசிப்பார்களாம். எனக்குக் கோபம் இல்லை. இல்-பிசாரில் ஐந்து அறை வீட்டில் என்னைப் போல் தனியாக இருக்கிறவளுக்குக் கோபப்பட நேரம் நிறைய உண்டு. ஆனாலும் கோபம் இல்லை.

மரியதாசன் வேறு மாதிரி. மட்டக்களப்பு ஆள். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை. நாற்பத்தொன்பது வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. தேவாலய மண்டபத்தில் முதல் கூட்டத்துக்கு வந்தபோது சும்மா பின்வரிசையில்தான் இருந்தார். யாராவது பேசுங்கள் என்றேன். எழும்பினார்.

“எனக்கு ஒரு நாளைக்கு ஒரு லீற்றர் தண்ணிதான். தேத்தண்ணி, கறி எல்லாம் அதுக்குள்ள. என்ட மகள் குளிக்கக்குள்ள தண்ணிச் சத்தம் கேக்கும். அந்தச் சத்தத்தில எனக்குக் கோவம் வரும். பெத்த புள்ள குளிக்கிற தண்ணிக்கு ஆசைப்படுற தகப்பனாப் போயிற்றன்.”

அன்று மட்டும் நாற்பத்தாறு பேர் உறுப்புத் தானத்துக்குக் கையெழுத்து வைத்தார்கள். பதினாலு வருடத்தில் நான் பேசிப் பேசிச் சேர்த்தது அதில் பாதி வராது. பிறகு எங்கே போனாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தமிழில் சொல்வார், நான் பக்கத்தில் நின்று பிரெஞ்சில் சொல்வேன். வெள்ளைக்காரர்கள் என்னைப் பார்த்து அழுதார்கள். அடுத்த ஆறு வருடமும் எங்கள் சங்கத்துக்கு ஒரு குரல் இருந்தது.

திங்கட்கிழமைகளில் நான் டயாலிசிஸ் மண்டபத்துக்குப் போவேன். கையில் இரண்டு குழாயுடன் நாற்காலியில் சாய்ந்திருப்பார். என்னைக் கண்டதும் வைத்தியசாலை அழைப்பைப் பற்றி ஒரே கேள்விதான்.

“கோல் ஏதும் வந்ததா, அக்கா?”

“வரேல்லைத் தம்பி. வரும்.”

ஒருநாள் காரில் வரும்போது சிரித்துக்கொண்டு சொன்னார்: “கிட்னி கிடைச்சா நான் இந்த மேடைப் பக்கமே வரமாட்டன் அக்கா, கோவிக்காதீங்க. இந்த வருத்தத்த நினைக்கவும் எனக்கு ஏலாது. ஒரு செம்பு நிறையத் தண்ணி எடுத்து, நின்ட நிலையில குடிச்சு முடிப்பன். பிறகு மகளோட ஊர் சுத்தப் போயிருவன்.”

“பாப்பம், பாப்பம்” என்றேன். அவர் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தேதி மட்டும் எப்படியோ நினைவிருக்கிறது, மே பதினெட்டு.

போன செப்டம்பரில் மாகாணச் சுகாதாரக் குழு எங்களைக் கூப்பிட்டது. டயாலிசிஸ் மண்டபங்களில் சம்பளத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வைக்கலாமா என்று முடிவு செய்யும் கூட்டம். வியாழக்கிழமை காலை. மரியதாசன்தான் சாட்சி. திட்டம் நிறைவேறினால் என்னைப் பொறுப்பாகப் போடுவார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டது. அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு அழைப்பு வந்தது. எண் தெரியாத அழைப்பு. முதல் மணியிலேயே எடுத்தேன்.

தாதிக்கு என் குரல் நன்றாகத் தெரியும். ‘மரியதாசனுக்கு ஒன்று இருக்கிறது மேடம், மிக நல்ல பொருத்தம், இரண்டு மணி நேரத்தில் வரமுடியுமா?’ என்று கேட்டார். அவர் குரலிலேயே சந்தோசம் தெரிந்தது. நான் ஒரு நிமிடம் என்றேன். மற்றக் கைபேசியில் அவரைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். என்னிடம் மற்றக் கைபேசி இல்லை.

நான்கு நிமிடம் காத்திருக்க வைத்தேன். ஒரு நோயாளியுடன் பேச அவ்வளவு நேரமாவது வேண்டும். கழுவுதொட்டியில் ஒரு கோப்பை கிடந்தது, அதைக் கழுவித் துடைத்து வைத்தேன். பிறகு கைபேசியை எடுத்து, அவருக்கு நேற்று முதல் காய்ச்சல், சளி, மூச்சு வாங்குகிறது என்றேன். தாதிக்குக் கவலையாகிவிட்டது. காய்ச்சல் இருந்தால் செய்ய முடியாது, அடுத்தவருக்குக் கொடுக்கிறோம். அவர் பெயரை இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறோம், குணமானதும் நீங்கள் சொன்னால் திரும்பச் சேர்க்கிறோம் என்றார். நன்றி சொல்லி வைத்தேன்.

என் யோசனை இதுதான். வியாழக்கிழமை அவர் பேசாவிட்டால் திட்டம் விழும். நாற்பத்தொரு தமிழ் நோயாளிகளுக்கு அது நட்டம். சிறுநீரகம் இன்னொன்று வரும். அவருக்கு நிச்சயம் வரும். வெள்ளிக்கிழமை தாதியை அழைத்துக் குணமாகிவிட்டது என்று சொன்னால் முடிந்தது. ஒரு வாரம்கூட இல்லை. நாற்பத்தொரு பேர் ஒரு பக்கம், ஒரு வாரம் மறுபக்கம். யாராக இருந்தாலும் இப்படித்தான் செய்வார்கள்.

வியாழக்கிழமை மரியதாசன் பேசினார். என்றைக்கும் இல்லாத பேச்சு. திட்டம் நிறைவேறியது. வெளியே வந்து படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். “எல்லாருக்கும் நல்லது நடந்தாச் சரி அக்கா” என்றார். “கோல் ஏதும் வந்ததா?”

“வரேல்லைத் தம்பி.”

அன்று சொன்னது பொய். அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்களும் சொன்னது பொய் இல்லை. அழைப்பு வரவில்லைதான். வெள்ளிக்கிழமை நான் தாதியை அழைக்கவில்லை. அடுத்த வெள்ளியும் அழைக்கவில்லை.

வைத்தியசாலையில் யாருக்கும் எப்படித் தெரியாமல் போனது என்று கேட்டீர்கள். பட்டியலை வைத்திருப்பவர்கள் ஒரு கட்டிடம், டயாலிசிஸ் மண்டபம் வேறு கட்டிடம். மரியதாசனைப் பற்றி எதுவும் கேட்க வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் என்னிடம்தான் கேட்பார்கள்.

ஒக்டோபரில் அவருடைய மனைவி றோசலின் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி என் வீட்டுக்கு வந்தாள். பிரிக்காத கடிதம். வீட்டில் பதினாறு வயது மகள் ஆர்த்திகா இருக்கிறாள், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் முதலாம் பிள்ளை.

“புள்ளைக்குக் காட்டல்ல அக்கா. உங்கட புத்தகத்தில அப்படித்தானே போட்டிருக்கு” என்றாள்.

பிரித்துப் படித்தேன். காய்ச்சல் என்று தெரிவிக்கப்பட்டதால் உங்கள் பெயர் பட்டியலில் தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது, உடல்நிலை சரியானதும் உடனே தொடர்புகொள்ளவும் என்று இருந்தது. தொலைபேசி எண்ணும் கொடுத்திருந்தார்கள்.

“எல்லாம் ஒழுங்கா இருக்காம். பொறுமையா இருக்கட்டாம்” என்றேன்.

அவள் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதை நானே வாங்கி வைத்திருக்கலாம். வைத்திருந்தால் நீங்கள் இன்றைக்கு இங்கே இருக்க மாட்டீர்கள். அடுத்தவர் கடிதத்தை வைத்துக்கொள்வது முறையில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மார்கழியில் மரியதாசனுக்குக் கால்கள் வீங்கின. பேசும்போது நடுவில் நிறுத்தி நிறுத்தி மூச்செடுத்தார். பேச்சின் உருக்கம் அதனால் கூடியது என்று ஒருவர் என்னிடம் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒரு திங்கட்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“நான் என்ன பிழை விட்டன் அக்கா? ஆறு வரிசமாச்சே. என்ட பேர் பட்டியல்ல கிடக்கா எண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கவன். உங்களக் கும்பிட்டுக் கேக்கன். எனக்கு ஏலாமக் கிடக்கு.”

கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனேன். நடைபாதையில் குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். கையில் கைபேசி இருந்தது. தாதியின் எண் அதில் இருந்தது. ஒரு விரல் அசைத்தால் போதும். அசைக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தேன். கண்ணீர்கூட வந்தது. பிறகு உள்ளே போனேன்.

“கிடக்கு தம்பி. உம்மட பேர் முன்னுக்குத்தான் கிடக்கு.”

அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான்தான் கொடுத்தேன்.

பெப்ரவரி எட்டு, ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலேயே அவருடைய இதயம் நின்றுவிட்டது. அடுத்த நாள் டயாலிசிஸ். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இருக்கும் இரண்டு நாள் இடைவெளியை உடம்பு தாங்கவில்லை. இறுதிச் சடங்கில் நான் பன்னிரண்டு நிமிடம் பேசினேன். அழாத ஆள் இல்லை.

முப்பத்தோராம் நாள் டோர்வலில் அவர்கள் வீட்டில் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஆர்த்திகா அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். தகப்பனின் பெட்டியைத் துப்புரவாக்கும்போது கிடைத்ததாம். அவளுக்குத் தமிழ் கொச்சையாகத்தான் வரும்.

“ஆன்ட்டி, இதை அம்மாவுக்குத் தமிழ்ல சொல்லுங்க.”

“உது பழைய கடிதம் பிள்ளை. அப்பாவின்ர விபரம் சரி எண்டு—”

அவள் தாயின் பக்கம் திரும்பினாள். சொற்களைத் தேடித் தேடி, ஒவ்வொன்றாகச் சொன்னாள். “அம்மா. அப்பாட பேர் லிஸ்ட்ல இல்ல. காய்ச்சல் எண்டு யாரோ சொல்லியிருக்காங்க. சுகம் வந்தா கோல் பண்ணச் சொல்லியிருக்கு.”

றோசலின் சத்தம் போடவில்லை. என்னைப் பார்த்தபடி, “அவர் ஒவ்வொரு கிழமையும் உங்களிட்டக் கேட்டவரே, அக்கா” என்றாள். நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்குப் பதில்: கூட்டம் முடிந்த பிறகும் நான் ஏன் தாதியை அழைக்கவில்லை. நாற்பத்தொரு பேருக்காக என்று சொல்லிப் பார்த்தேன். எழுதும்போது எனக்கே பொருந்தி வரவில்லை. அவர் குணமாகியிருந்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருப்பார். எனக்காகக் காத்துக்கொண்டு திங்கட்கிழமை ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். ஐந்து மாதம் அவரை இல்லாத வரிசையில் நிற்க வைத்தேன். அவரைக் கொன்றது நான்தான்.

ஒரு விஷயம் மட்டும். என் கைபேசியை நீங்கள் வாங்கி வைத்திருக்கிறீர்கள். வைத்தியசாலையில் எண்களை இன்னும் மாற்றியிருக்க மாட்டார்கள். நாற்பது பேருக்கு அதில்தான் அழைப்பு வரும். சார்ஜ் இறங்க விடாதீர்கள், யாராவது பக்கத்தில் இருங்கள். எண் தெரியாத அழைப்பாக இருக்கும், வெட்டிவிடாதீர்கள். ஒரு பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். ஓம், வருவார் என்று சொல்லுங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.