தையல் மூலை

ஷிம்லா: நில்லு, அந்த பஸ்ல ஏறாத. முதல்ல எனக்கு வெளக்கம் சொல்லு.

றிஸ்னா: என்ன வெளக்கம்? முந்தலுக்கு இனி அடுத்த பஸ் எப்ப வருமோ தெரியா.

ஷிம்லா: வாற நேரம் வரட்டும். நீ ஏன் போய்த் தையல் மூலையில நிண்ட?

றிஸ்னா: டீச்சர்தானே சொன்னாங்க... ஹோல்ல நாலு மூலையிலயும் கெம்பஸ், தையல் எண்டு பேர் ஒட்டியிரிக்கி, ஏ எல் சோதினை முடிஞ்சு ஆர் என்ன செய்யப் போறீங்களோ அந்த மூலையில போய் நில்லுங்க எண்டு. நான் போய் நிண்டன்.

ஷிம்லா: கெம்பஸ் மூலை இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் நடக்குற. தண்ணி குடிக்கப் போறாவாக்கும் எண்டு நெனச்சன்.

றிஸ்னா: கெம்பஸ் மூலையில எடமெங்க இருந்துச்சு? பேன் அங்கதானே சுத்துது, முழு வகுப்பும் அங்கதான். றஸ்மியும் நிண்டான். அவனுக்கு கெமிஸ்ட்ரி புத்தகத்துட மட்டை என்ன நிறம் எண்டே தெரியா.

ஷிம்லா: கதைய மாத்தாத. தையல் மூலையில உன்னத் தவிர வேற ஆரு இருந்த?

றிஸ்னா: ஒரு கதிரை.

ஷிம்லா: சிரிக்காத. எனக்கு அழுகை வருது, உனக்குச் சிரிப்பு வருது. மபாஸா டீச்சர்ட முகத்தப் பாத்தியா? பன்னெண்டாம் வகுப்புல முதலாம் புள்ள ஊசியும் நூலும் எண்டு போய் நிக்குது. பாவம், மைக்கைப் புடிச்சபடி அப்பிடியே நிண்டாங்க.

றிஸ்னா: பொறகு என்னத் தனியாக் கூப்புட்டுக் கேட்டாங்க.

ஷிம்லா: நீ என்ன சொன்ன?

றிஸ்னா: தையலும் நல்ல தொழில்தானே டீச்சர் எண்டன்.

ஷிம்லா: நல்ல தொழில்தான். எங்கட சுல்பா சாச்சி தைச்சுத்தான் ரெண்டு புள்ளைகளையும் ஆளாக்கினா. ஆனா உனக்கு ஒரு பொத்தான் ஒழுங்காத் தைக்கத் தெரியுமா?

றிஸ்னா: உன்ட பர்தாட ஓரத்த நான்தானே மடிச்சுத் தைச்சுத் தந்த.

ஷிம்லா: அது அண்டைக்கே கழண்டு, நான் அதுலயே மிதிச்சு விழுந்தன். உன்ட தொழில் அது இல்ல, புள்ள. செத்த இறாலை ஜாம் போத்தல்ல போட்டுக்கிட்டு வாறதுதான் உன்ட தொழில்.

றிஸ்னா: ஒருக்காத்தான் கொண்டு வந்த...

ஷிம்லா: ஒருக்காவா? லெப் முழுக்க நாறி, அல்பேட் சேர் ஜன்னலெல்லாம் தொறந்து... பஸ்ல எங்களுக்குப் பக்கத்துல இரிக்க ஒராளுமில்ல. நல்ல காத்தோட வந்தம்.

றிஸ்னா: சேர் ஏசல்லயே. அத மைக்ரஸ்கோப்புல வெச்சுக் காட்டினாரே.

ஷிம்லா: நீ அதுல குனிஞ்சா, பெல் அடிச்சும் எழும்பல்ல.

றிஸ்னா: அது வெள்ளைப் புள்ளி நோய் வந்த இறால். வாப்பா வேல செய்ற பண்ணையில ஒரு குளம் முழுக்கச் செத்து மிதந்துச்சு. வாப்பா கரையில குந்திக்கிட்டு... நேத்துத் தீன் திண்ட சாமான் இண்டைக்கி மிதக்குது, ஏனெண்டு சொல்ல ஒராளில்ல எண்டாரு.

ஷிம்லா: நான் படிச்சிட்டு வந்து சொல்றன் வாப்பா எண்டு நீ சொன்ன.

றிஸ்னா: அப்ப நான் சின்னப் புள்ள.

ஷிம்லா: போன மாசமும் சொன்ன. இதே பஸ் ஹோல்ட்ல, இதே எடத்துல. இண்டைக்கி வந்த கெம்பஸ் சேர் உனக்கெண்டே சொன்ன மாதிரிச் சொன்னாரு. மீன் வளர்க்குறது, இறால் வளர்க்குறது எல்லாம் பட்டத்துக்கே படிக்கலாம், மாகந்துரைக் கெம்பஸ்லயே எடம் இரிக்கி எண்டு. சிலாபத்துக்கு அங்கால கொஞ்சத் தூரம், அவ்வளவுதான். அவர் அதச் சொல்லக்குள்ள நீ நிலத்தப் பாத்துட்டு நிக்குற.

றிஸ்னா: காது கேட்டுச்சு. கண் எங்க இருந்தா என்ன.

ஷிம்லா: அப்ப ஏன்...

றிஸ்னா: உன்ட உம்மாட கால் இப்ப எப்பிடி?

ஷிம்லா: இதுக்குள்ள உம்மாட கால் எங்க வந்துச்சு?

றிஸ்னா: சும்மா கேட்டன்.

ஷிம்லா: அப்பிடியேதான். சீனி கொறைஞ்சாத்தானே புண் ஆறும். நிக்க ஏலா. கதிரையில இருந்துட்டு, உப்புப் போடு, புளி ஊத்து எண்டு எனக்குச் சொல்லுவா.

றிஸ்னா: நீ கெம்பஸ் போனா ஆருக்குச் சொல்லுவா?

ஷிம்லா: அது... ஏதாச்சும் ஒரு வழி வரும்.

றிஸ்னா: போன வருசம் நீ ஒவ்வொரு நாளும் அழுத. வீட்டுல வேற பொம்புள இல்ல, உம்மா விடமாட்டா எண்டு. இந்த வருசம் அழல்ல.

ஷிம்லா: அழுது அழுது சலிச்சுப் போச்சு.

றிஸ்னா: இண்டைக்கி கெம்பஸ் மூலைக்கு முதல் ஆளாப் போனதும் நீதான்.

ஷிம்லா: நீ பின்னால வாற எண்டு நெனச்சித்தான் போனன். என்னக் குறுக்குக் கேள்வி கேக்காத. நீ எதையோ மறைக்குற. ரெண்டு கெழமையா நீ நீயா இல்ல. இடைவேளைக்குத் தனியாப் போய் இரிக்குற, கோல் பண்ணினா எடுக்குறல்ல...

றிஸ்னா: வீட்டுல ஒரு கதை நடக்குது.

ஷிம்லா: என்ன கதை?

றிஸ்னா: என்ன கதையா இரிக்கும்? கலியாணக் கதைதான். சோதினை எழுதலாமாம். எழுதி முடிஞ்சா நிக்காஹ். அதுக்குப் பொறகு என்ன... வீட்டுல இருந்துட்டுச் செய்யக் கூடின வேல தையல்தானே. அதான் அந்த மூலையில போய் நிண்டன். பொய் சொல்லிட்டு உங்களோட பேனுக்குக் கீழ நிக்க மனம் வரல்ல.

ஷிம்லா: உன்ட வாப்பா ஓம் எண்டாரா? உன்ன டொக்டரம்மா எண்டு கூப்புடுற மனிசனா?

றிஸ்னா: அவரு என்ன செய்வாரு, ஷிம்லா. எங்கட ஊருல பொம்புளப் புள்ளைக்கி வீடு கட்டிக் குடுத்தாத்தான் மாப்புள வந்து ஏறுவாரு. நாங்க நாலு பேர். நாலு வீடு கட்ட எங்கால? நாங்க இப்ப இரிக்குறதே பண்ணைக்காரர்ட வீடு. இந்த மாப்புளட ஆக்கள் வந்து, வீடு ஒண்டும் வேணாம், புள்ளய எங்கட வீட்டுக்கு அனுப்புங்க போதும் எண்டாங்க. அதக் கேட்டு வாப்பாவுக்கு அங்க இருக்க ஏலாமப் போச்சு. எழும்பிப் பின்னுக்குப் போய்ட்டாரு.

ஷிம்லா: உன்னட்ட ஒராளும் கேக்கல்லயா?

றிஸ்னா: கேட்டாங்க. கேக்கக்குள்ள உம்மா அழுதுட்டு இருந்தா, சந்தோசத்துல. அந்த அழுகைக்கு முன்னால மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்ற?

ஷிம்லா: கலியாணம் முடிஞ்சும் படிக்குற ஆக்கள் இரிக்காங்கதானே. விடுவாங்களா எண்டு நீ கேட்டிருக்கலாம்.

றிஸ்னா: கேட்டன். மாப்புளட உம்மாட்டயே கேட்டன்.

ஷிம்லா: என்ன சொன்னாங்க?

றிஸ்னா: கதிரையில இருந்தபடி என்ட கையப் புடிச்சுத் தடவினாங்க. படிச்ச புள்ள ஒண்டு வீட்டுக்கு வாறது பரக்கத்து எண்டாங்க. மறுகா, தேங்காய் துருவத் தெரியுமா மகள் எண்டு கேட்டாங்க. எனக்கு வெளங்கிட்டு. துருவுவன் எண்டு சொன்னன்.

ஷிம்லா: றிஸ்னா... அந்தா பஸ் வருது.

றிஸ்னா: வரட்டும். இப்ப நீ நில்லு. உன்னட்ட ஒண்டு கேக்கணும்.

ஷிம்லா: சனம் இல்லாம வருது, புள்ள. இருந்துட்டுப் போகலாம்.

றிஸ்னா: நீ எல்லாத்தையும் தோண்டித் தோண்டிக் கேக்குற ஆள். எங்கட வீட்டுல ராவைக்கி என்ன கறி எண்டதைக் கூட விடமாட்ட. இவ்வளவு நேரம் கலியாணத்தக் கதைக்குறம். மாப்புள ஆரெண்டு நீ கேக்கல்ல.

ஷிம்லா: ...

றிஸ்னா: பஸ்சும் போய்ட்டு.

ஷிம்லா: ...ஆரு?

றிஸ்னா: இப்ப கேட்டு வேலயில்ல.

ஷிம்லா: உனக்கு எப்பிடிச் சொல்றதெண்டு...

றிஸ்னா: உனக்குத் தெரியா எண்டுதான் நான் நெனச்சன். கதை முடியுறவரைக்கும் வெளியில விட வேணாம், கண்ணூறு படும், ஷிம்லாவுக்கும் சொல்லல்ல எண்டாங்க உங்கட உம்மா. அதாலதான் இந்த ரெண்டு கெழமையும் உன்ட முகத்தப் பாக்க ஏலாமத் திரிஞ்சன். உன்ட கூடப் பொறந்த நானாவக் கட்டப் போறன், அத உனக்கு ஒளிக்குறனே எண்டு எனக்குச் சோறே எறங்கல்ல. நீ எல்லாம் தெரிஞ்சிட்டு என்னட்ட வெளக்கம் கேக்குற.

ஷிம்லா: ஏசு. நல்லா ஏசு.

றிஸ்னா: எப்ப தெரியும் உனக்கு?

ஷிம்லா: முதல்லயே.

றிஸ்னா: முதல் எண்டா?

ஷிம்லா: நானாவுக்குப் பொண் பாக்கணும் எண்டு உம்மா சொல்லக்குள்ள... நான்தான் உன்ட பேரச் சொன்னன்.

றிஸ்னா: ...

ஷிம்லா: என்னமாச்சும் பேசு, புள்ள. இப்பிடி இரிக்காத.

றிஸ்னா: என்ன பேச? இன்சாப் நானாவ ஒரு குத்தம் சொல்லேலா. அவர்ட போன் கடைக்கிப் போனா, வாற பொம்புளைகள நிமிந்தும் பாக்க மாட்டாரு. வாப்பாவுக்கு அதுதான் புடிச்சுப் போச்சு.

ஷிம்லா: உன்னையும் நல்லா வெச்சிக்குவாரு.

றிஸ்னா: வெச்சிக்குவாரு. அத நான் இல்லையெண்டல்ல... எட்டாம் வகுப்புலயே நீ சொன்னதானே, நானாவக் கட்டி வெச்சு உன்ன என்ட மச்சியாக்குறன், ரெண்டு பேரும் ஒரே பாயில படுக்கலாம் எண்டு.

ஷிம்லா: அது பகிடிக்குச் சொன்ன.

றிஸ்னா: பகிடி பலிச்சிட்டு.

ஷிம்லா: நான் இண்டைக்கே போய் உம்மாட்டச் சொல்றன். இந்தக் கலியாணம் வேணாம், நானே வீட்டுல நிக்குறன் எண்டு.

றிஸ்னா: சொல்லி? வாப்பா பண்ணையில எல்லாருக்கும் கலியாணத்தச் சொல்லித் தேத்தண்ணி வாங்கிக் குடுத்துட்டாரு. இனி இது முறிஞ்சா என்ன மட்டுமில்ல, எனக்குப் பின்னால மூணு பேரையும் கேட்டு ஒராள் வரமாட்டான். நீ அப்பிடி ஒண்டும் செய்ய வேணாம்.

ஷிம்லா: அப்ப நான் என்னதான் செய்ற?

றிஸ்னா: போ. போய்ப் படி. இறால் ஏன் சாகுது எண்டு எங்கயாவது தெரிய வந்தா, லீவுல வந்து சொல்லு. தேங்காய் துருவிட்டே கேப்பன்.

ஷிம்லா: இப்பிடிக் கதைக்காத. நீ ஏசினா எனக்குத் தாங்கும்.

றிஸ்னா: ஏச மனமில்ல. நீ என்ன நெனச்சிருப்ப எண்டு எனக்குத் தெரியும். ஒரே வீட்டுல இருந்து ஒரே பஸ்ல ஏறி ரெண்டு பேரும் கெம்பஸ் போவம் எண்டு நெனச்சிருப்ப. ஒராள் போனா மத்தாள் குசினியில நிக்கணும் எண்டது உன்ட மண்டையில ஏறியிரிக்காது. மாமிதான் பொறகு கதைய மாத்தியிரிப்பாங்க.

ஷிம்லா: ...

றிஸ்னா: ஓம் எண்டு ஒருக்காச் சொல்லு, ஷிம்லா. எனக்கு அது போதும். நீ தெரியாமத்தானே செஞ்ச?

ஷிம்லா: மருமகள் வந்து வீட்டுல நிண்டாத்தான் நீ போகலாம் எண்டு உம்மா முதல்லயே சொல்லிட்டா... வேற ஆரும் வந்தா, உன்னப் போல உம்மாவப் பாக்க மாட்டாங்க எண்டு நெனச்சன். அதெல்லாம் நெனச்சிட்டுத்தான் உன்ட பேரச் சொன்னன், றிஸ்னா.