ஈயக் குடுவையில் இல்லாத கோபால்ட் பொத்தான் குறித்து

என் பெயரும் தகப்பனார் பெயரும் வீட்டு முகவரியும் முதல் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் திடப்பொருள் இயற்பியல் பிரிவில் விஞ்ஞானியாக இருக்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இன்று திங்கட்கிழமை நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். மனைவியின் வற்புறுத்தல் வற்புறுத்தலில் சேராது என்று இன்ஸ்பெக்டர் சொன்னதால் அவ்வாறு எழுதப்படுகிறது.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நிறுவன ஆண்டு விழாவில், ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வைத்த நாற்காலிப் போட்டியில், கடைசி ஒற்றை நாற்காலிக்காக எங்கள் பிரிவின் கோட்பாட்டு விஞ்ஞானியோடு மோதி, நாற்காலியை அவருக்கு விட்டுவிட்டு நெஞ்சு வலியை நான் வாங்கிக்கொண்டேன். கை தட்டினார்கள். நான் தரையில் உட்கார்ந்திருந்ததை வேடிக்கைக்குச் செய்ததாக எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்கவிட்டேன். இது வழக்குக்குத் தேவையில்லை என்று எழுத்தர் சொன்னார். தேவை என்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதப்படுகிறது.

அதன் பிறகு மாடிப்படி ஏறும்போதெல்லாம் நெஞ்சில் யாரோ முழங்கையை ஊன்றிக்கொண்டு பேப்பர் படிப்பது போல இருந்தது. வீட்டில் சொல்லவில்லை. கமிட்டி கூட்டம் என்று பொய் சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போய் இதய ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். அந்த ஸ்கேனுக்குக் கையில் ஒரு கதிரியக்க மருந்தை ஊசியாகப் போடுகிறார்கள். அது ரத்தத்தோடு இதயத்துக்குப் போய் உள்ளிருந்து கதிர் வீச, வெளியே இருக்கும் கருவி படம் பிடிக்கிறது. ஆகவே அன்று முழுவதும் நானே ஒரு நடமாடும் கதிரியக்கப் பொருளாக இருந்தேன். இந்த மருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இரண்டு நாளில் தேடினாலும் கிடைக்காது. பிறகு சொல்லப்போவதற்கு இது முக்கியம் என்பதால் அடிக்கோடு இடச் சொன்னேன். எழுத்தர் இட்டார்.

இதை ஏன் மறைத்தேன் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு: அடுத்த மாதம் வெளியூரில் உள்ள துகள் முடுக்கியில் எங்கள் பிரிவுக்கு ஐந்து நாள் கொடுத்திருக்கிறார்கள். இதற்காக மூன்று வருடம் விண்ணப்பம் போட்டோம். போகப்போவது ஒரே ஆள். அவருக்கு உடல் தகுதிச் சான்று வேண்டும். அங்கே சோதிக்க வேண்டிய என் இரும்புப் படிகத்தை, உலையில் உருக்கி, குளிரவைத்து, கெட்டுப்போய், மறுபடி உருக்கி, என் பிள்ளைகளுக்குக் கூடக் காட்டாத பொறுமையோடு வளர்த்து வைத்திருக்கிறேன். எனக்கு இதயத்தில் கோளாறு என்று தெரிந்தால் படிகத்தைத் தூக்கிக்கொண்டு போகப்போவது கோட்பாட்டு விஞ்ஞானி. அவர் வாழ்நாளில் ஒரு திருகைக்கூடத் திருகியவர் இல்லை. நாற்காலி போனது போகட்டும், முடுக்கியும் போகக்கூடாது என்று நினைத்தேன்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஆய்வகத்துக்கு வந்தேன். எங்கள் ஆய்வகத்தில் கதிரியக்கக் கோபால்ட் தடவிய ஒரு சிறு உலோக வில்லை உண்டு. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அதனால் பொத்தான் என்றே சொல்வோம். அதை ஸ்பீக்கர் போன்ற ஒரு கருவியின் நுனியில் ஒட்டி, இரும்புத் தகட்டுக்கு முன்னால் மெல்ல முன்னும் பின்னும் ஆட்டுவோம். ஆட்டும் வேகத்தைப் பொறுத்து இரும்பு அந்தக் கதிரை விழுங்கும், அல்லது விட்டுவிடும். எந்த வேகத்தில் விழுங்குகிறது என்று பார்த்தால் இரும்புக்குள் காந்தம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். இன்ஸ்பெக்டர் இந்த இடத்தில், "ஆட்டறதுக்கா சார் சம்பளம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் மாமனாரும் இதையேதான் கேட்டார்.

இந்தக் கோபால்ட் பாதியாகக் குறைய ஒன்பது மாதம் ஆகும். பழைய பொத்தான் தேய்ந்துபோனதால் புதிது வந்திருந்தது. அதை மாற்றும் வேலையை வெள்ளிக்கிழமை மதியம் செய்தேன். கதிரை எண்ணும் கருவியின் பக்கத்தில் நான் உட்கார்ந்ததும் எண்ணிக்கை எகிறியது. நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தினேன், இறங்கியது. என் உடம்பு செய்யும் வேலை என்று எனக்குப் புரிந்தது. சற்றுப் பெருமையாகவும் இருந்தது; நான் உள்ளே வந்ததை இதுவரை யாரும் கவனித்ததில்லை.

அதன் பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டி, அதன் கூட்டை மேசையில் வைத்துவிட்டு, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, இடுக்கியால் பழைய பொத்தானைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது கோட்பாட்டு விஞ்ஞானி கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவர் ஆய்வகத்துக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை. யார் மேலும் பழி போடுவதற்காகச் சொல்லவில்லை. வந்தார் என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். "என்னப்பா, உடம்பெல்லாம் எப்படி இருக்கு? ஒரு மாதிரி இளைச்ச மாதிரி இருக்கியே?" என்றார். "உனக்கென்ன, நாற்காலியில உட்கார்ந்தவன் கேப்ப" என்றேன். கோபத்தில் விட்ட மூச்சு முகக்கவசத்தின் மேல்வழியாக வந்து என் கண்ணாடியை மங்கலாக்கியது. இருந்தாலும் மேசையில் பக்கத்திலேயே திறந்து வைத்திருந்த ஈயக் குடுவையில் பொத்தானைப் போட்டு மூடினேன். மூடும்போது 'டப்' என்று சத்தம் கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதன் பிறகு புதிய பொத்தானைப் பொருத்தினேன். கோட்பாட்டு விஞ்ஞானி இன்னும் கொஞ்ச நேரம் மேசையருகில் நின்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

மாலையில் கிளம்பும்போது, டாக்டர் வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வெற்றிடப் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த மெக்கானிக் ஸ்கூட்டரில் வந்து, "வாங்க சார், விட்டுடறேன். அந்தப் பையை மட்டும் மடியில வச்சுக்குங்க" என்றார். கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். வெளிவாசலில் இரண்டு தூண்கள் நிற்கின்றன. கதிரியக்கப் பொருள் ஏதாவது நடுவே போனால் மணி அடிக்கும். நாங்கள் போனோம். அடித்தது.

காவலாளி கைக்கருவியோடு ஓடி வந்தார். "சார், நீங்க உட்காருங்க, உங்களை இல்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டு மெக்கானிக்கைப் பார்த்து, "யோவ், நீ இறங்குய்யா. பையில என்ன?" என்றார்.

"ஸ்பானர் இருக்கு, பழைய கேஸ்கெட் இருக்கு, கழுவாத டிபன் பாக்ஸ் இருக்கு. எது வேணும்?"

காவலாளி கருவியைப் பையருகே கொண்டுவந்தார். பை என் மடியில் இருந்தது. கருவி கதறியது. பையை இறக்கி என் காலடியில் வைத்துப் பார்த்தார். அப்போதும் கதறியது. நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன், "எனக்கு நேரமாச்சு" என்று மட்டும் வந்தது. பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துவிட்டேன். ஒரு முறை திரும்பிப் பார்த்தபோது மெக்கானிக் பையிலிருந்து ஒவ்வொரு ஸ்பானராக எடுத்துத் தரையில் சைஸ் வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

நான் போன பிறகு நடந்ததை எங்கள் கதிர் பாதுகாப்பு அதிகாரி சொல்லித் தெரிந்துகொண்டேன். எப்போதும் இடுப்பில் கருவியோடு திரிவதால் அவருக்கு டிக்டிக் என்று பெயர். நான் தெருமுனை திரும்பியதும் கருவி அடங்கிவிட்டதாம். காவலாளி, "சத்தம் நின்னுடுச்சே! எங்கய்யா தூக்கிப் போட்ட?" என்று கேட்டிருக்கிறார். "எதை, சத்தத்தையா?" என்று மெக்கானிக் திருப்பிக் கேட்டிருக்கிறார். அந்தப் பதில்தான் அவரை நிலையம் வரை கொண்டுவந்தது. அதன் பிறகு டிக்டிக் எல்லா ஆய்வகங்களையும் சோதித்ததில் எங்கள் ஈயக் குடுவை காலியாக இருந்தது. வாசலோரப் புதரை வெட்டித் தேடினார்கள். கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காலை எனக்கு இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, இதய ரத்தக் குழாய் ஒன்றில் அடைப்பு இருக்கிறது, மூன்று மாதம் எங்கும் பயணம் போகக்கூடாது என்று ஆஸ்பத்திரி சொன்னது. மற்றொன்று, திங்கள் மாலைக்குள் பெயர் சுத்தமாகாவிட்டால் மெக்கானிக்கை வேலையை விட்டு நீக்கிவிடுவதாக ஒப்பந்தக்காரர் சொன்னது. முதல் செய்தியைப் பற்றித்தான் அன்று முழுவதும் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "சார், நீங்கதானே பின்னாடி உட்கார்ந்திருந்தீங்க? பை உங்க மடியிலதானே இருந்துச்சு? அதுல ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார்.

எனக்குப் பதற்றம் வந்தால் கண்ணாடிக் கூட்டை 'டப் டப்' என்று திறந்து திறந்து மூடும் பழக்கம் உண்டு. அதைச் செய்துகொண்டே, "பெரிய விஷயம்மா இது. யோசிச்சுத்தான் சொல்லணும்" என்றேன்.

"அவரு யோசிச்சுட்டா சார் உங்களை வண்டியில ஏத்தினாரு?" என்றார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

உள்ளேயிருந்து என் மனைவி வந்தார். "முதல்ல அந்தக் கூட்டை ஆட்டறதை நிறுத்துங்க, உள்ள என்னமோ கடகடன்னு எரிச்சலா இருக்கு" என்றார். திருகு கழன்றிருக்கும், கடையில் காட்ட வேண்டும் என்றேன். "என்னங்க, உண்மையைச் சொல்லுங்க. அன்னிக்கு என்ன கமிட்டி?" என்று கேட்டார். சொன்னேன். பிறகு, "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன், உங்க நெஞ்சுல என்ன இருக்குன்னு ஊர்ல இருக்கற மெஷினெல்லாம் தெரிஞ்சுக்குது, எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு, இன்று போட்டுக்கொள்ள வேண்டிய சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தார்.

அதன் பிறகு இன்று காலை, கோட்பாட்டு விஞ்ஞானியின் மேசையில் என் படிகத்தையும் அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்ற குறிப்பையும் வைத்துவிட்டு இங்கு வந்தேன். நான் வரும்போது மெக்கானிக் நிலையத்துக் கிணற்றடி மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். இவர் வந்த பிறகுதான் மேல்மாடிக் குழாயில் தண்ணீர் வருவதாக எழுத்தர் சொன்னார். என்னைப் பார்த்ததும், "என்ன சார், உங்களையும் பிடிச்சுட்டாங்களா?" என்றார். கேலியா அக்கறையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். வெள்ளிக்கிழமை வாசலில் மணி அடித்தது என் உடம்பில் இருந்த மருந்தால். நான் போனதால்தான் சத்தம் நின்றது. மெக்கானிக்கின் பையில் இரும்பைத் தவிர எதுவும் இல்லை. அவரை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பொத்தான் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. நான் குடுவையில் வைத்து மூடிய பிறகு அந்த மேசையைத் தொட்டவர் யார் என்று மேலே சொல்லியிருக்கிறேன், அதற்கு மேல் சொல்வது என் நாகரிகத்துக்குப் பொருந்தாது. மருந்து இப்போது முற்றிலும் கரைந்துபோயிருக்கும். சந்தேகம் இருந்தால் டிக்டிக்கை வரவழைத்து என்னைச் சோதித்துப் பார்க்கலாம். கருவி வாயைத் திறக்காது.

மேலே உள்ளதை எழுத்தர் எனக்குப் படித்துக்காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. சொன்னது அனைத்தும் நான் அறிந்த உண்மை என்று உறுதி கூறி, தெளிந்த மனதோடு கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்)

ஒப்பமிட்ட பின், வாக்குமூலம் கொடுத்தவரின் வேண்டுகோளின் பேரில் சேர்க்கப்படுவது: கதிர் பாதுகாப்பு அதிகாரி இன்ஸ்பெக்டர் முன்னிலையில் என் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்தார். சத்தம் இல்லை. மெக்கானிக் விடுவிக்கப்பட்டார், மோட்டாரை மறுபடி பூட்டிவிட்டுப் போவதாகச் சொன்னார். கையெழுத்துப் போடுவதற்காக மாட்டிய கண்ணாடியை நான் கழற்றப் போகையில், அதிகாரி கருவியை மேசை மேல், என் கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கருவி கதறியது. திறந்து பார்த்ததில், துடைக்கும் துணிக்கு அடியில் பொத்தான் இருந்தது. ஈயக் குடுவையின் மூடி மூடும்போது 'டப்' என்று சத்தம் வராது, அது திருகு மூடி என்று அதிகாரி தெரிவித்தார்.