பக்கத்து சீட்டு காலியா இருந்தா வர்ற சத்தம்

பண்ருட்டி போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு மெக்கானிக்கும் கார் டிரைவரும். காருக்கு சாமான் வாங்கப் போகிறார்கள். ஓசிப் பேப்பர் எதுவும் சிக்காததால் காதைக் கொடுத்தேன்.

"இடது முன்சக்கரத்துல ரப்பர் புஷ் தேஞ்சிபோச்சி. பக்கத்து சீட்ல ஆள் உக்காந்தா வெயிட்டுல அமுங்கி சத்தம் நின்னுடும். ஆள் இல்லன்னா கடகடங்கும். புதுசு போட்டா தீந்துச்சி."

"நேத்து மத்தியானம் ஆபீசர பண்ருட்டி ஸ்டேஷன்ல எறக்கிட்டு தனியா திரும்புனேன்ணே. முத்தாண்டிக்குப்பம் வரைக்கும் கடகடன்னு வந்துகினே இருந்துச்சி. அங்க டீ குடிச்சிட்டு வண்டிய எடுத்தேன். ஆபீசர் குவார்ட்டர்ஸ் வரைக்கும் சத்தமே இல்ல."

"ரோடு நல்லா இருந்திருக்கும்."

"தினம் போற ரோடுதாண்ணே. ஷெட்டுல வண்டிய நிறுத்துனதும் இடது பக்கம் லேசா எழும்புச்சி."

மெக்கானிக் காதில் செருகியிருந்த பீடியை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி அங்கேயே செருகினார்.

"புஷ் வாணாம்ணே. நாளைக்கும் தனியாதான் திரும்பணும். சத்தம் கேட்டாதான் பக்கத்துல யாரும் இல்லன்னு எனக்குத் தெரியும்."

முத்தாண்டிக்குப்பத்தில் பஸ் நின்றது. யாரும் ஏறவில்லை. பக்கத்தில் எவரும் உட்காரக் கூடாதென்று பரப்பி வைத்திருந்த என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மரியாதையாக ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தேன்.