பிரம்புக் கட்டுக்கு அடியில்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, இன்ஸ்பெக்டர் ஐயா. ஆடிக்கொண்டே இருக்கிறது. எனக்கும் சில நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சொல்லிவிடுகிறேன்.

நான் கன்னையா. பிரிக்பீல்ட்ஸில் பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். தோட்டத்துத் துரைமார் சுவரில் மாட்டியிருக்கும் ஈட்டிகளெல்லாம் என் கை பட்டுப் போனவைதான். எந்தத் தீவு ஈட்டி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவேன். அலகைத் தண்டோடு பிரம்பால் வரிந்து கட்டியிருந்தால் போர்னியோ. பித்தளை வளையம் போட்டு இறுக்கியிருந்தால் பிலிப்பைன்ஸின் தென்கோடி, மிண்டனாவோ. இந்த வட்டாரத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று எல்லோரும் சொல்வார்கள்.

போன மாதம் கிள்ளான் துறைமுகத்துச் சதுப்புக்கரையில் என் நண்பன் அம்புரோஸ் ஈட்டி பாய்ந்து செத்துக் கிடந்தபோது, நீங்கள் கூப்பிட்டது என்னைத்தான். மிண்டனாவோ ஈட்டி என்றேன். துறைமுகத்தில் அந்த ஊர்க்காரன் உஸ்மான் என்ற மாலுமி ஒருவன்தான். அவனைப் பிடித்து அடைத்தீர்கள். நான் யார் பெயரையும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

அம்புரோஸ் ரயில்வே குமாஸ்தா. நல்லவன், வாய்தான் சும்மா இருக்காது. என் வீட்டில் அந்த ஈட்டியைப் பார்த்தவன் அவன் மட்டுமே.

"இது போர்னியோ லா. பிரம்பு கட்டியிருக்கு, கண்ணு தெரியலையா? நீயெல்லாம் என்னத்தக் கடை நடத்துறே?"

பழைய வளையம் உடைந்து விழுந்துவிட்டது, பிரம்பைச் சுற்றியவனே நான்தான் என்றேன்.

"கதை விடாதே கன்னையா. ஆபீஸ்ல சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பானுங்க."

சரி, அந்த ஊர்க்காரனிடமே கேட்டுவிடுவோம் என்று ஈட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்புரோஸைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான். சதுப்புக்கரை வரை பொறுத்தேன். அங்கே அவன் சிரிப்பு நின்றது. நான் சாயங்கால ரயிலில் வீடு திரும்பினேன்.

இப்போது சிங்கப்பூரிலிருந்து ஈட்டி பற்றித் தெரிந்த ஒரு துரை வந்து, பிரம்புக் கட்டைப் பார்த்துவிட்டு, போர்னியோ என்று சொல்லிவிட்டாராம். உஸ்மானை விடப்போகிறீர்களாம். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. பேசாமல் கடையில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் சோறு இறங்கவில்லை, ஐயா. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். பாசாரில் யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அவமானமாக இருக்கிறது.

நியாயம் என்று ஒன்று உண்டல்லவா? அதற்காகத்தான் நானாக வந்தேன். அந்தப் பிரம்பைப் பிரித்துப் பாருங்கள். அடியில் பித்தளை வளையம் இறுக்கிய தடம் இருக்கும். கட்டியதும் நான்தான், குத்தியதும் நான்தான். என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். அந்தத் துரையை மட்டும் ஒருமுறை கூப்பிட்டு, அது மிண்டனாவோ ஈட்டிதான் என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.