இராசேசக்கா சம்மதிக்கும்வரை வெடி இல்லை

பரமேஸ்வரன்: ...அதுதான் அக்கா, திரி இவ்வளவு நீளம். என்ர சுண்டுவிரல் அளவு. கொளுத்தினவுடன வெடிக்காது. புஸ்ஸ் எண்டு கொஞ்ச நேரம் இரையும். அதுக்குள்ள எறிஞ்சுபோட்டு, மற்றப் பக்கம் திரும்பி, காதையும் பொத்தலாம். அவ்வளவு அவகாசம் வைச்சுத்தான் யானை வெடி செய்யிறவங்கள்.

இராசேஸ்வரி: அவகாசம் யானைக்கோ, எறியிறவருக்கோ?

பரமேஸ்வரன்: எறியிறவருக்கு. யானைக்கு என்ன அவகாசம்... அதுக்குச் சத்தம்தான்.

இராசேஸ்வரி: தேத்தண்ணி ஆறுது தம்பி. உந்த வெடியை மேசையில வைச்சிட்டுக் குடியுங்கோ.

பரமேஸ்வரன்: இது வெறுங்கூடு அக்கா, பயப்பிடாதேங்கோ. உள்ளுக்க மருந்தில்லை. உங்களுக்கு விளங்கப்படுத்தத்தான் கொண்டுவந்தனான்.

இராசேஸ்வரி: போன கிழமையும் விளங்கப்படுத்தினியள்.

பரமேஸ்வரன்: போன கிழமை சொன்னது மருந்து அடைக்கிற விதம். திரியைப் பற்றி நான் இன்னும்...

இராசேஸ்வரி: கேக்க வந்ததைக் கேளுங்கோ.

பரமேஸ்வரன்: ம்... கமக்காரர் சங்கத் தலைவர் எண்ட முறையில கேட்டுவரச் சொல்லி அனுப்பினவை. நேற்று யானைக் கூட்டம் பொன்னையாண்ணையின்ர வரம்பைத் தாண்டி என்ர வயலுக்க இறங்கிட்டுது. கதிர் முத்தி நிக்குது. இன்னும் ஒரு கிழமை காப்பாத்தினா மிசினை இறக்கி வெட்டலாம். காப்பாத்தாட்டி, இந்தக் காலபோக நெல்லு யானைக்குத்தான். நீங்கள் ஓம் எண்டால் இண்டைக்குப் பொழுதுபட வெடி போடுவம். மாட்டன் எண்டால்...

இராசேஸ்வரி: மாட்டன்.

பரமேஸ்வரன்: சரி.

இராசேஸ்வரி: என்ன, உடன சரி எண்டுறியள்?

பரமேஸ்வரன்: இல்லை... நீங்கள் யோசிச்சுத்தானே சொல்லுவியள். வற்புறுத்தக் கூடாது.

இராசேஸ்வரி: சத்தம் எண்டால் எனக்கு இன்னும் நெஞ்சு பதறுது தம்பி.

பரமேஸ்வரன்: ஓமோம். தீர்மானம் தீர்மானம்தான். இராசேசக்கா சம்மதிக்கும்வரைக்கும் ஊருக்க வெடிச்சத்தம் இல்லை. அண்டைக்குச் சங்கக் கூட்டத்தில செத்த அஞ்சு பேரின்ர படத்துக்கு முன்னால, எல்லாரும் கை உயர்த்தி எடுத்த தீர்மானம்.

இராசேஸ்வரி: அதில என்ர மனுசன்ர படமும் இருந்தது. என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை.

பரமேஸ்வரன்: நீங்கள் அப்ப தோளில பட்ட துவக்குச் சன்னம் எடுக்கக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில... எப்பிடிக் கேக்கிறது?

இராசேஸ்வரி: வந்து பாத்தா, கோயில் மணிக்கு வாய் கட்டிக் கிடக்கு.

பரமேஸ்வரன்: மணியின்ர நாக்குக்கு மட்டும்தான் அக்கா. பழைய சேலைத் துண்டு. இப்ப ‘டொக் டொக்’ எண்டு மெதுவாக் கேக்கும். சாமி கோவிக்காது எண்டு ஐயர் சொன்னவர்.

இராசேஸ்வரி: பாட்டுப் போட்டுக்கொண்டு வாற பாண்காரன்?

பரமேஸ்வரன்: அவனுக்கு நான்தான் சொன்னனான். உங்கட ஒழுங்கைக்கு வரேக்கை ஓட்டோவில பாட்டை நிப்பாட்டச் சொல்லி. எஞ்சினையும் நிப்பாட்டிப்போட்டுத் தள்ளிக்கொண்டு போறவன். பாவம், நல்ல பெடியன்.

இராசேஸ்வரி: அதுதான் அவன் வாறது தெரியாமல் ஆடியில இருந்து எனக்குப் பாண் இல்லை.

பரமேஸ்வரன்: ஐயோ... ஏன் அக்கா சொல்லேல்லை?

இராசேஸ்வரி: ஆரட்டைச் சொல்லுறது? எல்லாரும் என்னோட குசுகுசுக்கிறியள். ஊரில ஒரு கலியாணம், மேளத்தைக் கொண்டுபோய்ப் பக்கத்து ஊர் ஸ்கந்தபுரத்தில அடிச்சிட்டு, தாலியை இங்க வந்து கட்டியிருக்கினம்.

பரமேஸ்வரன்: எல்லாம் உங்களுக்காகத்தான்.

இராசேஸ்வரி: ஓம்... எனக்காகத்தான். சத்தமில்லாமல் யானை கலைக்கப் போனதென்ன ஆச்சு?

பரமேஸ்வரன்: அதைக் கேளுங்கோ! மிளகாய்க் கயிறு. செத்தல் மிளகாயை இடிச்சு, கழிச்ச ஒயிலில குழைச்சு, கயிறில பூசி, வயலைச் சுத்திக் கட்டுறது. யானையின்ர தும்பிக்கை முழுக்க மூக்குத்தானே. எரிவு தாங்காமல் திரும்பும். கணக்குச் சரி.

இராசேஸ்வரி: பேந்து?

பரமேஸ்வரன்: மழை கழுவிட்டுது. கயிறைத் தொட்ட எங்களுக்குத்தான் கண் எரிஞ்சது. அதுக்குப் பிறகு பெரிய ரோச் லைற். கண்ணைக் கூசப்பண்ணித் திருப்பிறது.

இராசேஸ்வரி: திரும்பினதோ?

பரமேஸ்வரன்: லைற்றைப் பின்தொடர்ந்து வந்தது. நான் முன்னால ஓட, அது வழி தெரிஞ்ச மாதிரிப் பின்னால... சரி விடுங்கோ. மூண்டாவது, பஜனை. மனிசக் குரல் கேட்டால் கிட்ட வராது எண்டு புத்தகத்தில போட்டிருந்தது.

இராசேஸ்வரி: வரேல்லையோ?

பரமேஸ்வரன்: வந்து நிண்டு கேட்டது. சுண்டல் ஒண்டுதான் குறை.

சுதர்சினி: ...அம்மா... இருக்கிறியளோ...

இராசேஸ்வரி: வாங்கோ பிள்ளை. ஏன் நீங்களும் குசுகுசுக்கிறியள்?

சுதர்சினி: ஒழுங்கை முகப்பில பாண்காரர் மறிச்சு, சத்தமில்லாமல் போகச் சொன்னவர். தலைவர் ஐயாவும் இருக்கிறியள்! நல்லது. மண்டபத்தில வட்டக்கூட்டம் தொடங்க முன்னம் அம்மாவை ஒருக்காப் பாப்பம் எண்டு வந்தனான்.

பரமேஸ்வரன்: இருங்கோ மிஸ். நானும் ஒண்டு கேக்கவேணும் எண்டு இருந்தனான். வவுனியாவில இருந்து பஸ் ஏறி, மாறி, ஒவ்வொரு முறையும் எங்கட மனசை ஆத்த வந்து கதைக்கிறியள். இந்தப் பயம் எண்டது மெய்யா எப்பிடி வேலை செய்யுது? பியூஸ் மாதிரியோ?

சுதர்சினி: பியூஸ் போனால் எல்லாம் நிண்டிடும் ஐயா. இது மறுவளம், நிக்கவே நிக்காது. உடம்புக்குள்ள ஒரு சைரன் இருக்கு எண்டு வையுங்கோ. ஆபத்து வரேக்கை அது அடிக்கவேணும், அதுதான் அதின்ர வேலை. ஆபத்து போன பிறகும், அதே சத்தம் கேட்டால், அது பழசோ புதுசோ எண்டு பாக்காமல் திரும்ப அடிக்கும். மூளை யோசிக்க முதல் கால் ஓடிடும்.

பரமேஸ்வரன்: யோசிக்க முதல்! கேட்டியளோ அக்கா... ஆனா மிஸ், நாங்கள் ஷெல்லுக்கால ஓடி வந்த சனம். பங்கருக்கை இருந்து சோறு திண்ட ஆக்கள். ஒரு துவக்குச் சத்தம் ஏன்...

சுதர்சினி: ஷெல் எங்கயோ தூரத்தில இருந்து வந்தது ஐயா. இது...

இராசேஸ்வரி: இது பக்கத்துக் கதிரையில இருந்து வந்தது. வாய்க்கால் தண்ணி முறையில வாய்த்தர்க்கப்பட்டு, கூட்டத்தால எழும்பிப் போனவன், பயிர்க்காவலுக்கு எண்டு வாங்கின துவக்கோட திரும்பி வந்து சுட்டான். போறதுக்கு முன்னம் என்ர கையால தேத்தண்ணி வாங்கிக் குடிச்சவன்.

பரமேஸ்வரன்: ...நல்ல வெயில் இண்டைக்கு.

சுதர்சினி: ஓம் ஐயா. வெயில்தான்.

பரமேஸ்வரன்: அப்ப அந்தச் சைரனை நிப்பாட்டுறது எப்பிடி?

சுதர்சினி: நிப்பாட்டேலாது, பழக்கலாம். சத்தத்தைச் சுத்திச் சுத்தி விலகிப் போனால் பயம் கொழுக்கும். சின்னச் சத்தத்தில தொடங்கவேணும். எப்ப வரும் எண்டு முன்னமே தெரியவேணும். முக்கியமா, பயப்பிடுறவரே தன்ர கையால செய்யவேணும். முதல் கடதாசிப் பை. பேந்து பலூன். பேந்து சின்ன வெடி. யானை வெடி கடைசி.

பரமேஸ்வரன்: படி ஏறுற மாதிரி! அருமையான முறை. அக்கா, நீங்கள் கட்டாயம்...

சுதர்சினி: இப்பவே தொடங்குவம். பணிஸ் வாங்கின கடதாசிப் பை ஒண்டு இருக்கு. அம்மா, ஊதுவியளோ?

இராசேஸ்வரி: எனக்கு மூச்சுக் காணாது பிள்ளை. தம்பி ஊதட்டும்.

பரமேஸ்வரன்: நானோ? நான் வயலுக்கு... சரி, தாங்கோ... ஃபூ... ஃபூ... இந்தாங்கோ.

சுதர்சினி: இனி அடியுங்கோ.

பரமேஸ்வரன்: நான் எப்பிடி? அக்காவெல்லோ பயப்பிடுறவா. பயப்பிடுறவர்தானே செய்யவேணும்?

இராசேஸ்வரி: நீங்கள் செய்து காட்டுங்கோ தம்பி. விளங்கப்படுத்திற ஆள்தானே.

பரமேஸ்வரன்: நல்ல பை அக்கா... வீணாக்கக் கூடாது. ஏதும் போட்டு வைக்கலாம்.

சுதர்சினி: பணிஸ் எண்ணெய் பிடிச்ச பை ஐயா. இங்க தாங்கோ. மூண்டு எண்ணுறன். ஒண்டு... ரெண்டு...

பரமேஸ்வரன்: மிஸ், ஒரு நிமிசம், கதவைச் சாத்...

சுதர்சினி: மூண்டு! ‘டப்’ எண்டு, அவ்வளவுதான். ...ஐயா? ஐயா எங்க?

பரமேஸ்வரன்: இங்க... இங்கதான். செருப்பு ஒண்டு விழுந்திட்டுது. தேடுறன்.

சுதர்சினி: மேசைக்குக் கீழயோ?

பரமேஸ்வரன்: ஓம். நீங்கள் அக்காவைப் பாருங்கோ! அக்கா பயந்திருப்பா!

இராசேஸ்வரி: ஐயோ பிள்ளை... ஓம்... நெஞ்சு படபடக்குது. என்னாலை ஏலாது. வெடி கிடி ஒண்டும் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ.

சுதர்சினி: அம்மா, உங்கட கையில கோப்பை. தேத்தண்ணி ஒரு சொட்டும் சிந்தேல்லையே?

இராசேஸ்வரி: நான் முதலே குடிச்சு முடிச்சிட்டன்.

சுதர்சினி: விளிம்பு வரைக்கும் இருக்கு.

இராசேஸ்வரி: ...அப்ப பயத்தில கை விறைச்சுப்போச்சாக்கும்.

சுதர்சினி: ம்... அப்பிடியும் வரும்தான். நான் போய்க் கூட்டத்துக்குக் கதிரையளை அடுக்கிறன். ரெண்டு பேரும் ஆறுதலா வாங்கோ. ஐயா... செருப்புக் கிடைச்சால் வாங்கோ.

பரமேஸ்வரன்: ஓம் மிஸ். வந்திடுறன்.

இராசேஸ்வரி: கட்டியிருக்கிற சாரத்தில தூசி. தட்டுங்கோ தம்பி.

பரமேஸ்வரன்: அது... செருப்பைத் தேடேக்கை...

இராசேஸ்வரி: வாசல்லயெல்லோ கழட்டினியள். சோடியா அங்க கிடக்கு.

பரமேஸ்வரன்: ஓமோ... மறந்துபோனன். அப்ப நான் வாறன் அக்கா. நீங்கள் மாட்டன் எண்டிட்டியள் எண்டு போய்ச் சொல்லிவிடுறன்.

இராசேஸ்வரி: ஓம் எண்டு சொல்லுங்கோ.

பரமேஸ்வரன்: ஓம், மாட்டன் எண்டு சொல்லுறன்.

இராசேஸ்வரி: இல்லை. வெடிக்கு ஓம். இராசேஸ்வரி சம்மதம். இண்டைக்கே போடலாம்.

பரமேஸ்வரன்: ...அக்கா?

இராசேஸ்வரி: அதைக் கேக்கத்தானே வந்தனியள்?

பரமேஸ்வரன்: வந்தனான்... ஆனா அவசரப்படக் கூடாது! மிஸ் சொன்னதைக் கேட்டியள்தானே, பை, பலூன், சின்ன வெடி... படிப்படியா. நீங்கள் இன்னும் பையே தாண்டேல்லை!

இராசேஸ்வரி: நெல்லு நிக்காது தம்பி.

பரமேஸ்வரன்: நெல்லு போனால் போகட்டும்! சிறுபோகம் வரும்தானே. யானையும் பாவம், அதுவும் எங்க போறது? காடெல்லாம் வெட்டியாச்சு.

இராசேஸ்வரி: போன கிழமை அதே யானையைத் திட்டிக்கொண்டு வந்தியள்.

பரமேஸ்வரன்: அது போன கிழமை. அக்கா, நல்லா யோசியுங்கோ. உங்கட உடம்பு... அந்த நெஞ்சுப் பதற்றம்...

இராசேஸ்வரி: எனக்கு நெஞ்சு பதறுறேல்லை.

பரமேஸ்வரன்: பதறும். நீங்கள்தானே சொன்னியள்.

இராசேஸ்வரி: சொன்னனான். ஆஸ்பத்திரியால வந்த நாள் துடக்கம், ஒவ்வொருத்தரா வந்து ‘எங்களுக்கு ஒண்டுமில்லை, உங்களுக்காகத்தான்’ எண்டு சொல்லிப்போட்டு, தகரப் பேணி விழுந்த சத்தத்துக்கு என்ர கதவுக்குப் பின்னால ஒளிச்சினம். பொன்னையாண்ணை என்ர கட்டிலுக்குக் கீழயே போனவர். எனக்குப் பயமில்லை எண்டு நான் சொன்னால், அந்த ஆம்பிளையள் எங்க போய் முகத்தை வைப்பினம்? சரி, என்ர பேரில கிடக்கட்டும் எண்டு விட்டிட்டன். பயம் எனக்கு எண்டே இருக்கட்டும். இண்டைக்கு அந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்ட பிறகுதான் விளங்குது. விலகிப் போனால் கொழுக்குமாம். உங்களுக்கு விலகிப் போற வழியே நான்தான். நான் மாட்டன் மாட்டன் எண்டு சோறு தீத்துற மாதிரித் தீத்தித் தீத்தி, உங்கட பயத்தை அந்த யானையளவுக்கு வளத்து வைச்சிருக்கிறன்.

பரமேஸ்வரன்: அப்ப அக்காவுக்கு உண்மையா ஒரு பயமும் இல்லையோ?

இராசேஸ்வரி: அண்டைக்குச் சத்தம் எனக்குக் கேக்கவேயில்லை. இவர் கதிரையோட சரிஞ்சது மட்டும்தான் கண்ணுக்க நிக்குது. அந்த நீலப் பிளாஸ்ரிக் கதிரை.

பரமேஸ்வரன்: மண்டபத்துக் கதிரையோ?

இராசேஸ்வரி: ஓம். எங்களைச் சுகப்படுத்த எண்டு ஒவ்வொரு முறையும் வட்டமா அடுக்கிறியளே, அதுதான். அதைக் கண்டால் எனக்கு எழும்பி ஓடவேணும் போல கிடக்கும். அந்தப் பிள்ளை ‘மூச்சை இழுங்கோ, விடுங்கோ’ எண்டேக்கை நான் இழுக்கிறது கதிரையை நினைச்சுத்தான்.

பரமேஸ்வரன்: கடவுளே... இண்டைக்கே ஓடிப்போய் அவ்வளவையும் எடுப்பிக்கிறன். பாய் விரிப்பம். கோயிலில கிடக்கு. முழங்கால் பிடிக்கிறவைக்குச் சுவரோட பலகை போட்டால், முதுகுக்கும் சாய்மானம் கிடைக்கும்...

இராசேஸ்வரி: பாய் காணும் தம்பி. பேந்து பொழுதுபட நான் உங்கட வயலுக்கு வாறன். முதல் வெடி நான் கொளுத்திறன். நீங்கள் பக்கத்தில நிண்டு எண்ணுங்கோ. ரெண்டாவது உங்கட கையால. நடுங்கினால் நடுங்கட்டும், இருட்டில ஆர் பாக்கிறது? ஊருக்கு, அக்காவைப் பழக்கிறம் எண்டு சொல்லுங்கோ.

பரமேஸ்வரன்: அக்கா... சொன்னாலும் ஊர் நம்பாது.

இராசேஸ்வரி: ஏன் நம்பாது?

பரமேஸ்வரன்: என்னை இங்க அனுப்பிறதே நீங்கள் மாட்டன் எண்டு சொல்லுவியள் எண்ட தைரியத்திலதான். ஆவணியில சந்தியில ட்ரான்ஸ்போமர் வெடிச்சதெல்லோ? முழு ஊரும் நிலத்தில குப்புறக் கிடந்தது அக்கா. கிடந்தபடியே எல்லாரும் தலையைத் தூக்கிப் பாத்தனாங்கள்... நீங்கள் ஒராள்தான் நிண்டுகொண்டு உடுப்புக் காயப்போட்டியள்.