ஊரில் மட்டும் எடுக்காத சிம்

அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சி போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

"நம்ம ஊருல மட்டும் டவர் எடுக்காத சிம்மாப் பாத்து மாறப் போறீகளாக்கும்?" என்றாள் அவள்.

"வெல கம்மி புள்ள. நான் எந்நேரமும் லாரியிலதான கெடக்கேன்? ரோட்டுல நல்லா எடுக்கும்."

"அப்ப வீட்டுல இருக்கையில யாரு கூப்பிடக் கூடாதுன்னு பாக்குறீக?"

அவர் கையிலிருந்த போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எவ அவ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அட, மொதலாளிதான் புள்ள! லீவுன்னு வந்து படுத்தா, அன்னைக்கே லோடு இருக்கு, வான்னு கூப்பிடுறாரு. டவர் இல்லேன்னா ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல?"

அவள் நம்பவில்லை. அவர் போனை வாங்கி, வந்த அழைப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம மட்டும் ஒம்போது தடவையா கூப்பிட்டாரு?"

"சாப்புடையிலயே ரெண்டு."

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சரி, அதையே வாங்குங்க. ஆனா ரோட்டுல இருக்கையில நான் கூப்பிட்டா, டவர் இல்லேன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிறாதீக."